வியாழக்கிழமை அமைதி

1

சென்ற மாதம் பள்ளத்தூரிலிருந்து ஒரு கடிதம் வந்தது. நான் எஸ்.எஸ்.எல்.சி. வரை படித்த பள்ளிக்கூடம் ஆண்டு மலர் போடுகிறதாம். வெளிநாட்டில் இருக்கும் பழைய மாணவிகள் ஆளுக்கொரு கட்டுரை எழுத வேண்டுமாம். எனக்குத் தலைப்பையும் அவர்களே கொடுத்துவிட்டார்கள்: ‘யோகாசனத்தால் அயல்நாட்டில் நான் பெற்ற மன அமைதியும் புத்துணர்ச்சியும்.’

இதற்கெல்லாம் காரணம் ஒரு படம். இங்கே எங்கள் ஊர்ப் பத்திரிகையில் ஒரு முறை என் படம் வந்தது. பட்டுச்சேலை கட்டி, பத்மாசனம் போட்டு, கண்ணை மூடி உட்கார்ந்திருப்பேன். எனக்குப் பின்னால் வெள்ளைக்காரப் பெண்கள் வரிசையாக உட்கார்ந்திருப்பார்கள். அதை வெட்டி அம்மாவுக்கு அனுப்பினேன். அம்மா அதைத் தெருவெல்லாம் காட்டியிருக்கிறாள். கடைசியில் பள்ளிக்கூடத்துக்கும் கொண்டுபோய்க் கொடுத்துவிட்டாள்.

படத்தில் என் முகம் நன்றாகத்தான் இருக்கிறது. பார்க்கிறவர்களுக்கு, இவள் கடல் கடந்து போய் அமைதியை அள்ளி அள்ளிக் கொடுக்கிறாள் என்றுதான் தோன்றும். அந்த வகுப்பு எப்படி வந்தது, என்னவாயிற்று என்பதை எழுதுகிறேன். மலரில் போடுவதும் போடாததும் அவர்கள் விருப்பம். தலைப்பை மட்டும் நான் மாற்றிக்கொள்கிறேன்.

2

என் வீட்டுக்காரர் கருப்பையா அறுபத்தைந்தில் இங்கிலாந்துக்கு வந்தார். இரும்பு உருக்கும் ஆலையில் அவருக்கு இரவு வேலை. நான் மகள் பூங்கோதையைக் கையில் பிடித்துக்கொண்டு அறுபத்தேழில் வந்தேன். அவளுக்கு அப்போது ஐந்து வயது. வந்த மறு மாதமே வேலை தேடிப் போனேன். வேலைவாய்ப்பு அலுவலகத்தில் இருந்தவர் என் எஸ்.எஸ்.எல்.சி. புத்தகத்தை முன்னும் பின்னும் திருப்பிப் பார்த்தார். ‘இது என்ன, தடுப்பூசி அட்டையா?’ என்று கேட்டார். பள்ளிப் படிப்பு என்றேன். ‘படிப்பு’ என்ற இடத்தில் ஒரு கோடு போட்டுவிட்டு, பிஸ்கட் தொழிற்சாலைக்கு அனுப்பினார்.

அங்கே ஒரு நீளமான ரப்பர் பெல்ட் ஓடிக்கொண்டிருக்கும். அதில் பிஸ்கட் பாக்கெட்டுகள் வரும். இரண்டு பக்கமும் பெண்கள் நின்று, நசுங்கியதைப் பொறுக்கிப் போட்டுவிட்டு, நல்லதை நேராக அடுக்கி விட வேண்டும். பெல்ட்டின் கடைசியில் சீல் போடும் இயந்திரம் இருந்தது. சூடான இரண்டு இரும்புத் தகடுகள் வாயைத் திறந்து திறந்து மூடிக்கொண்டிருக்கும்.

எனக்கு எதிரே நின்றவள் மோரின். அயர்லாந்துக்காரி, ஐம்பது வயதிருக்கும். அவளும் கப்பலேறிப் பிழைக்க வந்தவள்தான். நாங்கள் வீடு கேட்டு அலைந்தபோது எந்தத் தெருவில் கதவைச் சாத்தினார்களோ, அதே தெருவில் அவளுக்கும் ஒரு காலத்தில் கதவைச் சாத்தியிருக்கிறார்கள். அதனாலோ என்னவோ முதல் நாளே என்னிடம் ஒட்டிக்கொண்டாள். அழகம்மாள் என்ற என் பெயரைச் சரியாகச் சொல்லியே தீருவதென்று ஒரு நாள் ‘ழ’ போட்டுப் பார்த்தாள். கட்டுப்பல் கழன்று மேஜையில் விழப் பார்த்தது. அன்றிலிருந்து எல்லோருக்கும் போல அவளுக்கும் நான் ‘ஆகி’தான்.

எழுபத்து மூன்று வாக்கில் பெல்ட்டின் வேகத்தைக் கூட்டினார்கள். யாரிடமும் சொல்லவில்லை. ஒரு திங்கட்கிழமை வந்து நின்றோம்; பாக்கெட்டுகள் எங்களைத் துரத்தின. மாதம் போகப் போக ஒவ்வொருத்திக்கும் ஏதாவது ஒன்று வந்தது. ஒருத்திக்கு மணிக்கட்டு வீங்கியது. ஒருத்திக்குப் படபடப்பு. இன்னொருத்தி கக்கூசுக்குப் போய் அழுதுவிட்டு முகம் கழுவிக்கொண்டு வருவாள். எனக்குத் தூக்கம் போயிற்று. கண்ணை மூடினால் பாக்கெட்டுகள் வந்துகொண்டே இருக்கும். டாக்டர் மாத்திரை கொடுத்தார். அதைச் சாப்பிட்டால் அழுகை வராது, சிரிப்பும் வராது.

தொழிலாளர் நலன் பார்க்க ஓர் அம்மாள் இருந்தார். திருமதி ஹார்டிங். நல்ல மாதிரியான பெண்மணி, எப்போதும் முத்துமாலை போட்டிருப்பார். ஒரு நாள் என்னைத் தன் அறைக்குக் கூப்பிட்டு, நாற்காலியில் உட்காரச் சொல்லித் தேநீர் கொடுத்தார். எனக்குப் பயமாகிவிட்டது. வேலையை விட்டு அனுப்பும்போதுதான் தேநீர் கொடுப்பார்கள் என்று மோரின் சொல்லியிருந்தாள்.

‘இப்போது டெலிவிஷனில் யோகா காட்டுகிறார்கள். நரம்புக்கு அவ்வளவு நல்லதாம். உங்கள் நாட்டில் எல்லோருக்கும் தெரியுமாமே?’ என்றார்.

பள்ளிக்கூடத்தில் கொஞ்சம் செய்திருக்கிறேன் என்றேன்.

‘அற்புதம். நம் பெண்கள் ரொம்பப் பதற்றமாக இருக்கிறார்கள். வாரத்துக்கு ஒரு நாள் நீங்கள் சொல்லிக்கொடுங்களேன்.’

பெல்ட்டைக் கொஞ்சம் மெதுவாக விட்டாலே பதற்றம் போய்விடுமே என்று எனக்குத் தெரிந்த ஆங்கிலத்தில் சொன்னேன். அவர் முகம் கோணவில்லை. ‘அது வேறு இலாகா, ஆகி’ என்றார்.

3

பள்ளிக்கூடத்தில் நான் கற்ற யோகாசனத்தைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். ஆண்டுவிழாவுக்காக எங்கள் வகுப்பை மைதானத்தில் வரிசையாக உட்கார வைத்தார்கள். டிரில் டீச்சர் விசில் அடித்ததும் கண்ணை மூட வேண்டும். மறு விசிலுக்குக் கண்ணைத் திறந்து சிரிக்க வேண்டும். நான் மூன்றாவது வரிசை. அவ்வளவுதான் என் பயிற்சி.

வகுப்பில் நான் சொல்லிக்கொடுத்தது அது இல்லை. அது என் அம்மா வெள்ளையம்மாள் செய்தது.

எங்களுக்குச் சொந்த ஊர் ஒக்கூர். கண்மாய்ப் பாசனத்தில் கொஞ்சம் நிலம் இருந்தது. அப்பா இறந்ததும் அது சித்தப்பாக்களோடு போயிற்று. அம்மா என்னைக் கூட்டிக்கொண்டு பள்ளத்தூரில் ஒரு பெரிய வீட்டுக்கு வேலைக்குப் போனாள். வீட்டுக்கார அப்பச்சி வருஷத்தில் பாதி நாள் மலேயாவில் இருப்பார். வீட்டில் ஆச்சியும் சாமான்களும் மட்டும்தான். வாசலில் நின்று பார்த்தால் பின்வாசல் ஒரு புள்ளியாகத் தெரியும்; அவ்வளவு நீளமான வீடு. அது முழுவதையும் கூட்டித் துடைப்பதும், சமையலுக்கு அரைப்பதும், பாத்திரம் தேய்ப்பதும் அம்மா.

மத்தியானம் ஆச்சி சாப்பிட்டு வெற்றிலை போட்டதும் வீடு அடங்கும். அப்போது அம்மா இரண்டாம் கட்டில், ஆத்தங்குடிக் கல் பதித்த தரையில் வந்து படுப்பாள். பாய் விரிக்க மாட்டாள், தலைக்கும் ஒன்றும் வைக்க மாட்டாள். கை இரண்டையும் விரித்துப் போட்டு முதுகைத் தரையில் கொடுத்துக் கண்ணை மூடுவாள். தூங்க மாட்டாள். காக்காய் கத்தினால் ‘சூ’ என்பாள். ஆனால் அந்த நேரத்தில் அவளை யார் கூப்பிட்டாலும் எழுந்திருக்க மாட்டாள். மத்தியானச் சாப்பாட்டுக்குப் பள்ளிக்கூடத்திலிருந்து ஓடி வரும் நான் அவள் பக்கத்தில் போய்ப் படுப்பேன். எனக்கு மூச்சு வாங்கும்.

“அத எதுக்குடி மேய்க்கிற? மூச்சு அது பாட்டுக்கு வரும், அது பாட்டுக்குப் போகும். நீ சும்மா கெட” என்பாள்.

எழுந்து உட்காரும்போது அவள் முகம் வேறாக இருக்கும். சாயங்கால வேலைக்கு அந்த முகத்தோடுதான் போவாள்.

நான் பத்தாவது படிக்கும்போது ஆச்சிக்கு ரத்தக் கொதிப்பு வந்தது. காரைக்குடியிலிருந்து டாக்டர் காரில் வந்து பார்த்தார். உப்பைக் குறைக்கச் சொன்னார். மத்தியானம் சத்தமில்லாத இடத்தில் ஓய்வெடுக்க வேண்டும், மனம் அமைதியாக இருக்க வேண்டும் என்று சொல்லிவிட்டுப் போனார். வீட்டிலேயே குளிர்ச்சியான இடம் அம்மா படுக்கும் இடம்தான். ஆச்சியின் மெத்தையை அங்கே கொண்டுவந்து போட்டார்கள்.

அன்று நான் சாப்பிட வந்தபோது அம்மா சமையல்கட்டு நிலைப்படிக்குப் பக்கத்தில் ஒதுங்கிப் படுத்திருந்தாள்.

“ஏ வெள்ளையம்மா, எங்குட்டுப் போயிட்ட?” என்று ஆச்சியின் குரல் வந்தது.

“இங்குட்டுத்தான் ஆச்சி. செத்த முதுகச் சாச்சேன்.”

“நீ அங்குட்டுப் போயிச் சாஞ்சுக்கிட்டா எனக்கு யாரு காலப் பிடிச்சு விடுறது? டாக்டர் என்ன சொல்லிட்டுப் போனாக? மனசு அமைதியா இருக்கணும்னாக. காலு கொடஞ்சா எங்குட்டுருந்து அமைதி வரும்?”

“இந்தா வாரேன் ஆச்சி.”

ஆச்சி கெட்டவள் இல்லை. என் பள்ளிக்கூடச் சம்பளத்தைக் கட்டியது அவள்தான். ஆனால் அன்றிலிருந்து மத்தியானமெல்லாம் அம்மா ஆச்சியின் காலடியில் உட்கார்ந்து காலைப் பிடித்துவிட்டாள். ஆச்சிக்குக் கொதிப்பு இறங்கியது, டாக்டர் மெச்சினார். அம்மாவுக்கு நடுமுதுகில் ஒரு வலி பிடித்தது. அது இன்றைக்கும் இருக்கிறது. ஒரு நாள் பாத்திரம் தேய்த்துக்கொண்டே என்னிடம் சொன்னாள்: “ஆச்சி நல்லாத் தூங்குறாகடி. எனக்குத்தான் முதுகு தரையத் தொட்டு எத்தன நாளாச்சோ.”

4

வியாழக்கிழமை வகுப்பு சாப்பாட்டு இடைவேளையில் நடக்கும் என்று அறிவித்தார்கள். தொழிற்சாலை நேரத்தில் இல்லை. அரை மணி நேரத்தில் பாதியில் ரொட்டியை விழுங்கிவிட்டு, மீதிப் பாதியில் அமைதியடைய வேண்டும். கேன்டீன் மேஜைகளை ஓரமாகத் தள்ளிவிட்டு, பிஸ்கட் அட்டைப்பெட்டிகளைப் பிரித்துத் தரையில் போட்டோம். அந்த ஊர்க் குளிரில் தரை ஐஸ் மாதிரி இருக்கும்.

முதல் வாரம் எனக்கு ஒன்றும் ஓடவில்லை. எல்லோரும் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். படுங்கள் என்றேன். கையை விரித்துப் போடுங்கள், முதுகைத் தரையிடம் கொடுத்துவிடுங்கள், மூச்சைத் துரத்தாதீர்கள் என்று எனக்குத் தெரிந்த ஆங்கிலத்தில் சொன்னேன். சிரித்தார்கள். பிறகு சிரிப்பு அடங்கியது. மணிக்கட்டு வீங்கிய பெண்ணின் கண்ணோரம் தண்ணீர் வழிந்து காதுக்குள் போயிற்று. மோரின் குறட்டை விட்டாள். மணி அடித்ததும் எழுந்து, ‘ஆகி, நான் இப்படிப் படுத்து முப்பது வருஷமாகிறது’ என்றாள்.

பொய் சொல்லக் கூடாது. அந்தக் கால் மணி நேரம் நன்றாக இருந்தது. பெண்கள் வியாழக்கிழமைக்காகக் காத்திருந்தார்கள். எனக்கும் அன்று இரவு மட்டும் மாத்திரையில்லாமல் தூக்கம் வந்தது. பேசத் தெரியாத ஆகி, வாரத்தில் ஒரு நாள் சொல்ல, இருபது பேர் கேட்டார்கள். அந்தச் சந்தோஷமும் இருந்தது. ஏன் மறைக்க வேண்டும்?

பத்திரிகைக்காரர் வந்தார். நான் தொழிற்சாலைக் கோட்டும் கால்சட்டையுமாக நின்றேன். திருமதி ஹார்டிங் முகம் சுருங்கி, ‘உங்கள் உடையில் வரலாமே’ என்றார். மறு வாரம் கல்யாணப் பட்டுச்சேலையைப் பையில் வைத்துக்கொண்டு போய், கக்கூசில் கட்டிக்கொண்டு வந்தேன். பத்மாசனம் போடச் சொன்னார்கள். வெளிச்சம் சரியில்லை என்று நெடுநேரம் அப்படியே உட்கார வைத்தார்கள். படம் எடுத்து முடிந்தபோது கால் மரத்துப்போய், மோரின்தான் கை கொடுத்துத் தூக்கிவிட்டாள்.

படம் வந்த அன்று பூங்கோதை பள்ளியிலிருந்து அழுதுகொண்டு வந்தாள். பன்னிரண்டு வயது. அவளுடைய பெயரின் முதல் எழுத்தான ‘பூ’வுக்கு இந்த ஊரில் மலம் என்று அர்த்தம். அதற்காகவே ‘பாம்’ என்று வெள்ளைக்காரப் பெயராக மாற்றிக்கொண்டு, பிள்ளைகளோடு பிள்ளையாக மறைந்திருந்தவள். என் படத்தால் மாட்டிக்கொண்டாள். வகுப்பில் எல்லோரும் கண்ணை மூடிக் கையை மடியில் வைத்து ‘ஓம்’ என்று கத்தினார்களாம்.

“வொய் டிட் யூ வேர் தட், மம்?” என்றாள்.

“கட்டச் சொன்னாகடி.”

“அவங்க சொன்னா நீ செய்யுமா?” என்று தமிழில் கேட்டாள். ‘செய்வியா’ என்று திருத்தினேன். அவள் கதவைச் சாத்திக்கொண்டாள்.

மூன்று மாதம் கழித்து பெல்ட்டின் வேகம் மறுபடி கூடியது. திருமதி ஹார்டிங் எங்களையெல்லாம் கூப்பிட்டுப் பாராட்டினார். வகுப்பு தொடங்கியபின் லீவு போடுவது குறைந்துவிட்டதாம், பெண்கள் புத்துணர்ச்சியோடு இருக்கிறார்களாம், அதனால் இன்னும் கொஞ்சம் தாங்குவார்கள் என்று மேலே நினைக்கிறார்களாம். நான் மோரினைப் பார்த்தேன். அவள் தரையைப் பார்த்தாள்.

5

அது நடந்ததும் ஒரு வியாழக்கிழமை. வகுப்பு முடிந்து பெல்ட்டுக்குத் திரும்பி ஒரு மணி நேரம் இருக்கும். அன்று மோரின் கடைசியில், சீல் போடும் இயந்திரத்துக்குப் பக்கத்தில் நின்றாள். ஒரு பாக்கெட் குறுக்கே விழுந்து மாட்டிக்கொண்டது. பெல்ட்டை நிறுத்தும் பொத்தான் மேஸ்திரிக்குப் பக்கத்தில் இருந்தது; மேஸ்திரி அங்கே இல்லை. பின்னால் வந்த பாக்கெட்டுகள் மலையாகக் குவிந்தன. மோரின் கையை விட்டு இழுத்தாள். பாக்கெட் வந்தது. கை வர நேரமாயிற்று.

அவள் கத்தியது எனக்கு நினைவில்லை. எரிந்த வாடைதான் நினைவிருக்கிறது. வலக்கையின் இரண்டு விரல்களை ஆஸ்பத்திரியில் எடுத்துவிட்டார்கள்.

அடுத்த வாரம் விசாரணை வைத்தார்கள். மேனேஜர், திருமதி ஹார்டிங், இன்ஷ்யூரன்ஸிலிருந்து ஒருவர். பெல்ட்டில் நின்ற எல்லோரையும் கூப்பிடுவார்கள் என்று நினைத்தேன். என்னை முதலில் கூப்பிட்டார்கள்.

இன்ஷ்யூரன்ஸ்காரர் மரியாதையாகத்தான் பேசினார். ‘உங்கள் வகுப்பு முடிந்ததும் பெண்கள் எப்படி இருப்பார்கள்?’ என்றார்.

உடம்பு லேசாகும், கண் சொக்கும் என்று சொல்ல வேண்டும். கண் சொக்குவதற்கு ஆங்கிலத்தில் என்ன? எனக்கு ஒரே ஒரு வார்த்தை கிடைத்தது. ‘ஸ்லீப்பி’ என்றேன். அது போதாது என்று பட்டதால், ‘நைஸ்’ என்றும் சேர்த்தேன்.

அவர் எழுதினார். எழுதியதன் அடியில் ஒரு கோடு இழுத்தார். கோட்டைப் பார்த்ததும், அந்தத் தூக்கம் இல்லை, இது வேறு என்றேன்.

‘ஆங்கிலத்தில் ஒரு தூக்கம்தான் இருக்கிறது, அம்மா’ என்று சிரித்தார்.

பெல்ட் வேகம், பொத்தான் தூரம் என்று ஆரம்பித்தேன். இந்த விசாரணையில் அது வராது என்றார் மேனேஜர். திருமதி ஹார்டிங் என் பக்கம் திரும்பவே இல்லை. முத்துமாலையை விரலால் உருட்டிக்கொண்டிருந்தார்.

சாயங்காலத்துக்குள் செய்தி பரவிவிட்டது. ஆகியின் யோகா மோரினைத் தூங்க வைத்துவிட்டது. என் பக்கத்தில் நிற்கும் பெண் அன்று என்னோடு பேசவில்லை.

ஆஸ்பத்திரிக்குப் போனேன். மோரின் கையைத் தலையணை மேல் வைத்துப் படுத்திருந்தாள். ‘நான் தூங்கவில்லை, ஆகி. அவ்வளவு விழிப்பாக நான் இருந்ததே இல்லை’ என்றாள். ‘எனக்குத் தெரியும்’ என்றேன். ‘அப்படியானால் அவர்களிடம் சொல்’ என்றாள்.

6

தொழிற்சங்கக்காரர் கேட்டுப் பார்த்து, இரண்டாவது முறை என்னை விசாரிக்கச் சம்மதம் வாங்கினார். இந்த முறை என் மொழியிலேயே பேசலாம், மொழிபெயர்க்க ஆள் தருவோம் என்றார்கள். ஆளும் வந்தார். தலைப்பாகை கட்டிய ஒரு பெரியவர், பஞ்சாபி. இந்தியாதானே என்று அனுப்பிவிட்டார்கள். அவரும் நானும் ஆங்கிலத்தில் வணக்கம் சொல்லிக்கொண்டு, ஆங்கிலத்திலேயே வருத்தம் தெரிவித்துக்கொண்டோம். ஊரில் வேறு தமிழ்க்காரர் இல்லையா என்று மேனேஜர் கேட்டார். இருந்த ஒரே தமிழ்க் குடும்பம் நாங்கள்தான். ‘உங்கள் மகள் நன்றாகப் பேசுவாளே, அழைத்து வாருங்கள்’ என்றார் திருமதி ஹார்டிங்.

அன்று வீட்டில் சண்டை. கருப்பையா வேலைக்குக் கிளம்பிக்கொண்டிருந்தார்.

“ஒனக்கு எதுக்கு இந்த வம்பு? வெள்ளக்காரிக்கு வெரலு போச்சு. அவுக ஆளு, அவுக பாத்துக்கிருவாக. நீ போயி நின்னா ஒன் வேலையும் போகும்.”

“நீங்க லேசாச் சொல்லிப்பிட்டீக. அவ தூங்கிட்டான்னு எழுதிட்டாக. நான் சொன்னதாத்தான் எழுதியிருக்காக. நாளைக்கு எங் கையும் அந்த மிசின்லதான இருக்கும்?”

“பிள்ளைய எதுக்கு இழுக்குற?”

“வேற யாரு இருக்காக? நீங்க வாரீகளா?”

அவர் சாப்பாட்டுத் தூக்கை எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

சமையலறையில் பூங்கோதையை உட்கார வைத்து, நான் என்ன சொல்லப் போகிறேன் என்று சொன்னேன். புரிந்ததா என்றேன். “யெஸ், மம். ஐ நோ மோரின்” என்றாள். மோரின் அவளுக்குக் கம்பளிச் சட்டை பின்னிக் கொடுத்திருக்கிறாள். அதனால்தான் வருவதற்கே ஒப்புக்கொண்டாள்.

பள்ளிச் சீருடையில் தலை சீவி வந்தாள். அந்த அறையில் மோரினும் கைக்கட்டோடு உட்கார்ந்திருந்தாள். பூங்கோதையைப் பார்த்துக் கண் சிமிட்டினாள்.

நான் தமிழில் பேசினேன். பல வருஷத்துக்குப் பிறகு அதிகாரிகள் முன்னால் தலை நிமிர்ந்து பேசினேன்.

“மோரின் தூங்கல. வகுப்பு முடிஞ்சு ஒரு மணி நேரமாச்சு, அதுக்கப்புறம் யாருக்கும் தூக்கக் கலக்கம் இருக்காது. பெல்ட்ட ரெண்டு தடவ வேகமாக்குனாக. காலையிலருந்து சாயங்காலம் வரைக்கும் எங்க கை ஓயல. ஓஞ்சாத்தான கண்ணு பாக்கும்?”

மோரின் தூங்கவில்லை என்றாள் பூங்கோதை. பெல்ட் வேகமானது என்றாள். அழகான ஆங்கிலம். மேனேஜர்கூட நிமிர்ந்து உட்கார்ந்தார். பிறகு நின்றுவிட்டாள். என் காதருகே குனிந்து, “ஓயலன்னா?” என்று கேட்டாள்.

“ஓயலடி. நிக்கல” என்றேன்.

‘அவள் கையை நிறுத்தவில்லை’ என்று ஆங்கிலத்தில் சொன்னாள் என் மகள்.

இன்ஷ்யூரன்ஸ்காரர் பேனாவை எடுத்தார். ‘அதாவது, இயந்திரம் மூடுவது தெரிந்தும் அவள் கையை நிறுத்தவில்லை?’

பூங்கோதை என்னைப் பார்த்தாள். நான் அந்த ஆங்கிலத்தைப் புரிந்துகொண்டு வாயைத் திறப்பதற்குள், ‘ஆமாம்’ என்றாள்.

இல்லை, இல்லை என்று நான் எழுந்தேன். ஒவ்வொருவராகப் பேசுங்கள் என்றார் மேனேஜர். “அசதிடி, கை அசந்து போச்சு, அதச் சொல்லு” என்று கத்தினேன். நான் கத்தியதில் பிள்ளைக்கு இருந்த தமிழும் போய்விட்டது. ‘அவள் கை... களைக்கவில்லை’ என்றாள். ஓயவில்லை என்பதை அப்படித்தான் புரிந்துகொண்டாள்.

‘குழந்தை நன்றாகத்தான் செய்கிறாள்’ என்று திருமதி ஹார்டிங் என் தோளைத் தொட்டு உட்கார வைத்தார்.

மோரின் பிள்ளையைப் பார்த்துச் சிரித்தாள். அந்தச் சிரிப்பை அவள் எங்கிருந்து எடுத்தாளோ தெரியவில்லை.

7

பழி மோரின் தலையில் விழுந்தது. கவனக்குறைவு என்று எழுதினார்கள். பெல்ட்டைப் பற்றி ஒரு வரியும் இல்லை. பூங்கோதை வாய் திறக்காமல் இருந்திருந்தாலும் இப்படித்தான் எழுதியிருப்பார்கள். அதற்கு வேண்டிய வார்த்தையை வேறு யார் வாயிலிருந்தாவது எடுத்திருப்பார்கள். இதை நான் அவளிடம் பலமுறை சொல்லியிருக்கிறேன். அவள் நம்பவில்லை.

மோரினுக்குக் கேன்டீனில் மேஜை துடைக்கும் வேலை கொடுத்தார்கள். இடக்கையால் துடைக்கிறாள். வகுப்பு நிற்கவில்லை. லண்டனிலிருந்து முறையாகப் பயின்ற ஒருவரைச் சம்பளத்துக்கு வைத்தார்கள். அவர் வெள்ளைக்காரர், கதர் ஜிப்பா போட்டு வருகிறார். ரப்பர் பாய், ஊதுபத்தி, டேப்பில் வீணை. ‘உங்கள் கைகள் கனக்கின்றன, கைகளை மறந்துவிடுங்கள்’ என்று மெதுவாகச் சொல்கிறார். நானும் வந்து கற்றுக்கொள்ளலாம் என்று திருமதி ஹார்டிங் சொன்னார். நான் போவதில்லை. வியாழக்கிழமை இடைவேளையில் மோரினோடு உட்கார்ந்து ரொட்டி தின்கிறேன். பெல்ட் அதே வேகத்தில்தான் ஓடுகிறது.

தீர்ப்பு வந்த வாரம் ஒரு சாயங்காலம், நான் வெங்காயம் அரிந்துகொண்டிருந்தபோது பூங்கோதை வந்து பக்கத்தில் நின்றாள்.

“மம், ஓயலன்னா உண்மையிலே என்ன?”

சொன்னேன். நிறுத்தாமல் வேலை செய்தால் கைக்கு ஓய்வே இல்லை என்று அர்த்தம். நிற்கவில்லை என்று நான் சொன்னதும் தப்பில்லை, நீ சொன்னதும் தப்பில்லை, அவர்கள் கேட்டதுதான் தப்பு என்றேன். அவள் கேட்டுக்கொண்டே இருந்தாள். அழவில்லை. மோரினிடம் மன்னிப்புக் கேட்டதாகவும், யார் மேலும் தப்பில்லை கண்ணு என்று அவள் சொன்னதாகவும் சொன்னாள். பிறகு ஆங்கிலத்தில், ‘நான் இனிமேல் தமிழ் பேசப் போவதில்லை அம்மா. எனக்குத் தப்புத் தப்பாக வருகிறது’ என்றாள்.

கோபத்தில் சொன்னதாக இருந்தால் நான் பயந்திருக்க மாட்டேன். மரியாதையாக, யோசித்து வைத்திருந்து சொன்னாள்.

அதன் பிறகு பேசவில்லை. சாப்பிட வா என்றால் வருகிறாள். இன்னும் கொஞ்சம் போடவா என்றால் தலையை ஆட்டுகிறாள். அவள் ஆங்கிலத்தில் ஏதாவது சொன்னால், பதில் சொல்லத் தகுந்த ஆங்கிலம் என்னிடம் இல்லை. இருக்கிற ஆங்கிலத்தைப் பேச எனக்கும் இப்போது பயம். முன்பெல்லாம் பெயருக்குச் சண்டை, பாவாடை நீளத்துக்குச் சண்டை, தலைக்கு எண்ணெய் வைக்கச் சண்டை என்று நாங்கள் இரண்டு பேரும் இரண்டு மொழியில் கத்திக்கொண்டிருப்போம். இப்போது வானொலியைக்கூட யாரும் போடுவதில்லை.

நேற்று மத்தியானம் கருப்பையா இரவு வேலைத் தூக்கம் முடிந்து மாடியிலிருந்து இறங்கி வந்தார். முகம் தெளிந்திருந்தது. சோம்பல் முறித்துக்கொண்டே நாற்காலியில் உட்கார்ந்தார்.

“இப்பத்தாண்டி இது வீடா இருக்கு. தாயும் மகளும் ஒரு சத்தமில்ல. வந்த நாள்லருந்து நான் இப்படித் தூங்குனதில்ல” என்றார்.

நான் காபியை ஆற்றி அவர் முன்னால் வைத்தேன்.